ரயில்வேக்கார அப்பாவை இஞ்சங்காவுக்கு அழைத்துப் போங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். வேலைக்காக டர்பன் வந்து குடியிருக்கிறீர்கள். ஜூலையில் திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பா பொன்மலைப் பணிமனையில் கொதிகலன் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 7 வயது மகனுக்கு ரயில் என்றால் சோறுகூட வேண்டாம். நீராவி ரயில் அருங்காட்சியகம் என்று இங்கே குடும்பத்தோடு போகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா, அல்லது ஆயுள் முழுக்க இன்ஜினோடு கிடந்த மனிதரை மறுபடியும் பழைய இரும்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதாக ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். ஆனால் கயிறு கட்டி நிறுத்தி வைத்த இன்ஜினைப் பார்க்கப் போகாதீர்கள், ஓடுகிற இன்ஜினுக்குப் பின்னால் உட்கார்ந்து போங்கள். டர்பனிலிருந்து மேற்கே, பைன்டவுன் தாண்டி மேட்டில் ஏறினால் க்ளூஃப் நிலையம். அங்கிருந்து இஞ்சங்கா வரை உம்கேனி ஸ்டீம் ரெயில்வே என்ற தன்னார்வலர்களின் அமைப்பு, குறிப்பிட்ட சில ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மெயின் லைனில் ரயில் ஓட்டுகிறது. ஹில்கிரெஸ்ட், போத்தாஸ் ஹில் வழியாக, ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போகிற பாதை அது. நான் பிள்ளைகளோடு போயிருக்கிறேன், பேரப்பிள்ளைகளோடு போயிருக்கிறேன், ஒருமுறை தனியாகவும் போயிருக்கிறேன். என் கண்ணில் அருங்காட்சியகம் என்பது அந்த இன்ஜின் அல்ல. அது ஓடுகிற தண்டவாளம்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தேதி. 1860 ஜூன் 26. டர்பன் துறைமுகத்தின் பாயிண்ட் பகுதியிலிருந்து ஊருக்குள் மார்க்கெட் சதுக்கம் வரை, சுமார் 3 கிலோமீட்டர் தூரம், 'நேட்டால்' என்று பெயரிட்ட ஒரு சின்ன இன்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தது. தென்னாப்பிரிக்காவில் பொதுமக்களுக்காக ஓடிய முதல் நீராவி ரயில் அதுதான். அதே வருடம் நவம்பர் 16-ஆம் தேதி, அதே துறைமுகத்தில், மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு வந்து நின்றது. டர்பனைச் சேர்ந்த அன்றைய ஆங்கிலேயக் காலனியான நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாகக் கால் வைத்த முதல் கூட்டம். கணக்குப் போட்டால் இந்த மண்ணில் ரயில் நம்மைவிட ஐந்து மாதம்தான் மூத்தது. என் பேரப்பிள்ளைகளுக்கு நான் இதை 'ரயில் அண்ணன், நாம் தம்பி' என்றே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் மகனுக்கும் அப்படிச் சொல்லிப் பாருங்கள், வருடத்தை மறக்க மாட்டான்.

அந்த முதல் இன்ஜினுக்கு என்ன ஆயிற்று என்பதும் சொல்லத் தகுந்த கதை. வேலை முடிந்ததும் அதை விற்றுவிட்டார்கள். தெற்கே போர்ட் செயின்ட் ஜான்ஸ் பக்கம் போய்ச் சேர்ந்து, கடைசியில் மண்ணுக்குள் புதைந்து போனது. 1940-களில் தோண்டி எடுத்துச் சேர்த்து வைத்தார்கள். மண்ணுக்குள் போன இரும்பைக்கூடத் தேடி எடுக்க ஒரு காலத்தில் இங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். கூடவே இன்னொரு நினைப்பும் வரும். ரயில் பாதையைப் போட்டவர்களையும் காத்தவர்களையும் யார் தோண்டி எடுப்பார்கள்?

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாக வந்தவர்கள். நம் கதையை யார் சொன்னாலும் கரும்புத் தோட்டத்தோடு முடித்துவிடுகிறார்கள். கரும்பு உண்மை, பெரிய உண்மை. ஆனால் நேட்டால் அரசு ரயில்வேயும் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பெருமளவில் வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளில் ஒன்று. பாதை போட, ஜல்லி அடிக்க, ஸ்லீப்பர் மாற்ற, மழையில் சரிந்த மண்ணை அள்ள, நிலையத்தில் கரி ஏற்ற, எல்லாவற்றுக்கும் நம் ஆட்கள் இருந்தார்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவர். வட ஆற்காட்டுக்காரர். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள்: பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் உள்ள அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பது. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வரியில் கடைசிக் கட்டத்தில் மூன்று எழுத்து மட்டும் இருக்கிறது: என்.ஜி.ஆர். நேட்டால் கவர்ன்மென்ட் ரெயில்வேஸ். ஆயா, அதாவது எங்கள் பாட்டி, சொல்லித்தான் அவர் பைன்டவுனுக்கு மேலே எங்கோ பாதை காக்கிற கேங்கில் இருந்தார் என்று எங்களுக்குத் தெரியும். காலையில் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தன் பங்குப் பாதை முழுக்க நடப்பாராம். இரண்டு தண்டவாளத்தைச் சேர்த்துப் பிடிக்கிற இரும்புப் பட்டையை, ஃபிஷ்பிளேட்டை, தட்டுவாராம். தட்டினால் வருகிற சத்தத்தை வைத்தே போல்ட் இறுக்கமா தளர்வா என்று சொல்லிவிடுவாராம். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். நம்மூரில் கீமேன் செய்கிற வேலை என்று உடனே புரிந்துகொள்வார்.

இப்போது அந்தப் பாதைக்கு வருகிறேன்.

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ரயில் பாதை 1880 டிசம்பரில் திறக்கப்பட்டது. கடற்கரையிலிருந்து கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே நிலம் சுவர் மாதிரி எழும்பத் தொடங்கிவிடும். 50 கிலோமீட்டருக்குள் கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்துக்கு ரயில் ஏற வேண்டும். குகைக்கும் பெரிய பாலத்துக்கும் ஆகிற செலவைக் கூடிய மட்டும் தவிர்க்கப் பார்த்தார்கள். அதனால் மலையின் வளைவோடு வளைந்து வளைந்தே பாதையைக் கொண்டுபோனார்கள். 30 அடி போனால் 1 அடி ஏற்றம். வளைவுகளின் ஆரம் 300 அடி வரைக்கும் குறுகியது. எண்ணாகக் கேட்டால் ஒன்றும் தோன்றாது. ரயிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், நம் இன்ஜினே பக்கவாட்டில் நமக்கு இணையாகத் திரும்பி ஓடுவது தெரியும். பிள்ளைகள் கத்துவார்கள். பெரியவர்களும் கத்துவார்கள்.

உங்கள் அப்பாவுக்கு ஊட்டி ரயில் தெரியாமல் இருக்காது. பொன்மலைப் பணிமனை அந்த ரயிலுக்குப் புதிய நீராவி இன்ஜின்களையே கட்டிக் கொடுத்த இடம். அங்கே மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம் வருகிறது, அதற்காக நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். இங்கே பல்சக்கரம் கிடையாது. இரும்பு மேல் இரும்பு, நடுவில் கொஞ்சம் மணல், அவ்வளவுதான். மழைத் தூறலில் சக்கரம் வழுக்கத் தொடங்கினால் டிரைவர் மணல் விடுவார். சக்கரம் ஒரு கணம் வெறுமனே சுழன்று, பிறகு பிடிக்கும். அந்தச் சத்தத்தை உங்கள் அப்பா எங்கே உட்கார்ந்திருந்தாலும் அடையாளம் கண்டுகொள்வார்.

அகலத்தையும் அவர் கவனிப்பார். நம் தெற்கத்தி மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர். இங்கே கேப் கேஜ் 1067. நாலு விரல் அகலம்தான் வித்தியாசம். 1860-ல் டர்பனில் போட்ட முதல் பாதை 1435 மில்லிமீட்டர், இங்கிலாந்து அளவு. மலை ஏற்ற வேண்டும் என்று வந்தபோது, கேப் காலனி 1873-லேயே எடுத்த முடிவைப் பின்பற்றி நேட்டாலும் குறுகிய அகலத்துக்கு மாறியது. குறுகினால் வளைவைக் குறுக்கலாம், மண் வெட்டுவதைக் குறைக்கலாம், செலவும் குறையும். அப்படிக் குறைத்து வெட்டினாலும் வெட்டியது கையால்தான். போத்தாஸ் ஹில் பக்கம் பாதையின் இரண்டு பக்கமும் பாறையை அறுத்தது போல நிற்கிற இடங்கள் வரும். ரயில் அங்கே மெதுவாகத்தான் போகும். மகனிடம் அந்தப் பாறையைக் காட்டுங்கள். கடப்பாரையும் கூடையும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று அவனையே கேளுங்கள்.

1921-ல் இதைவிட ஏற்றம் குறைந்த புது மெயின் லைன் வந்துவிட்டது. அங்கே ஏற்றம் 66-க்கு 1. சரக்கும் எக்ஸ்பிரஸும் அந்தப் பக்கம் போய்விட்டதால்தான் பழைய பாதை இப்படி அமைதியாக, நாம் நீராவி ரயிலில் போகும்படி மிஞ்சியது.

இனி இன்ஜின். உம்கேனியில் எனக்கு நெருக்கமானது 'மொரீன்' என்று பெயர் வைத்த 1486-ஆம் எண் இன்ஜின். கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1912-ல் கட்டியது. வகை 3பி.ஆர். அதில் கடைசி 'ஆர்' என்பது பிற்காலத்தில் கொதிகலன் மாற்றப்பட்டது என்பதற்கான எழுத்து. கொதிகலன் பிரிவில் இருந்த மனிதருக்கு இதைவிட நல்ல பேச்சுத் தொடக்கம் கிடையாது. அங்கிருக்கிற தன்னார்வலர்களிடம் "இவர் இந்தியாவில் கொதிகலன் பார்த்தவர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். ஸ்டேபோல்ட், டியூப், வாஷ்-அவுட் என்று கொதிகலன் பேச்சைத் தொடங்கினால் மொழி தடையாக இருக்காது. எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த ஒரு சேலத்துப் பெரியவர், ஆங்கிலம் அவ்வளவாக வராதவர், ஒரு ஃபயர்மேனோடு அரை மணி நேரம் கையாலேயே பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மகனுக்குச் சக்கரம் எண்ணும் வேலையைக் கொடுங்கள். முன்னால் 4 சின்னச் சக்கரம், நடுவில் 8 பெரிய சக்கரம், பின்னால் 2. இதை 4-8-2 என்று எழுதுவார்கள். உலகம் முழுக்கப் பின்னால் பிரபலமான அமைப்பு இது. ஆனால் முதன்முதலில் இந்த வரிசையில் சக்கரம் வைத்துக் கட்டப்பட்டது 1888-ல், நேட்டாலுக்காக, கிளாஸ்கோவின் டப்ஸ் கம்பெனி செய்த, தண்ணீர்த் தொட்டியைத் தன் மேலேயே சுமக்கிற டாங்க் இன்ஜின்களில்தான். காரணம் இந்த மலை. நிறைய சக்கரம் இருந்தால் பிடிப்பு கிடைக்கும், ஒரே சக்கரத்தின் மேல் பாரம் ஏறாது, வளைவில் முன்சக்கரங்கள் வழி காட்டும். நாம் சாப்பாட்டுக் கூடையோடு ஞாயிற்றுக்கிழமை போகிற பாதை, கிளாஸ்கோவில் இருந்த இன்ஜின் கட்டுகிறவர்களுக்கே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

சத்தத்தையும் எண்ணச் சொல்லுங்கள். நிலையத்திலிருந்து கிளம்பும்போது புகைபோக்கியிலிருந்து வருகிற 'சுஃப்' ஒவ்வொன்றும், ஒரு சிலிண்டர் வேலை முடித்துவிட்டு விடுகிற மூச்சு. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. ஆக, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு மூச்சு. அந்த மூச்சு வீணாகப் போவதில்லை. அது புகைபோக்கி வழியே சீறிக்கொண்டு போகும்போது நெருப்பின் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அடியில் புதுக் காற்று புகுந்து நெருப்பு இன்னும் கொழுந்துவிடுகிறது. அதாவது இன்ஜின் எவ்வளவு கஷ்டப்படுகிறதோ அவ்வளவு நன்றாகத் தன் அடுப்பைத் தானே ஊதிக்கொள்கிறது. ஆயாக்கள் ஊதுகுழல் வைத்து விறகடுப்பு ஊதிய வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு இது கேட்டவுடன் புரிந்தது. இன்றையப் பிள்ளைகளுக்கு முதலில் ஊதுகுழலைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடம் பிடிக்கும். அதை அடைத்து வைத்திருக்கும் கலம்தான் கொதிகலன். ஃபயர்மேனின் வேலை கரி போடுவது மட்டும் என்று நினைக்கக் கூடாது. அவர் கண் எப்போதும் தண்ணீர்க் கண்ணாடிக் குழாயில் இருக்கும். நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேல் தண்ணீர் குறைந்தால் ஆபத்து. கடைசிக் காவலாக அந்தக் கூரையில் ஈயம் வைத்த ஒரு அடைப்பு இருக்கும். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, ஆவியும் தண்ணீரும் நெருப்பின் மேல் பாயும். மலைப் பாதையில் இன்னொரு சிக்கல்: ஏற்றத்தில் கொதிகலனின் தண்ணீர் பின்பக்கம் சாயும், உச்சி தாண்டினதும் முன்பக்கம் ஓடும். குழாயில் தெரிகிற அளவை அப்படியே நம்ப முடியாது. உங்கள் அப்பா இதை என்னைவிட அழகாக விளக்குவார். பேரனுக்குத் தாத்தா தன் வேலையைச் சொல்லிக் கொடுக்க இப்படி ஒரு இடம் வேறு எங்கே கிடைக்கும்? உண்மையில் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் போகச் சொல்வேன்.

ஒரு விஷயத்தைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். டிரைவர் இடமும் ஃபயர்மேன் இடமும் இந்த நாட்டில் நெடுங்காலம் வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. நம் ஆட்கள் இன்ஜினைத் துடைத்தார்கள், சாம்பல் அள்ளினார்கள், பாதையைக் காத்தார்கள், சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறினார்கள். ஆவியைத் திறந்து இன்ஜினை ஓட்டுகிற ரெகுலேட்டர் பிடியைத் தொடவில்லை. 1924-க்குப் பிறகு 'நாகரிகத் தொழிலாளர் கொள்கை' என்ற பெயரில், ரயில்வேயின் கீழ்நிலை வேலைகள்கூட ஏழை வெள்ளையருக்குக் கொடுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான இந்தியர்கள் வெளியே வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்தில் கேங் வேலை முடிந்து காய்கறித் தோட்டம் தொடங்கியது. இன்று இஞ்சங்காவில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் கோர்க்கிற நேரத்தில், கேட்டால் பிள்ளைகளைக் கேபினுக்குள் ஏற்றிக் காட்டுவதுண்டு. என் பேத்தி ஏறினாள். நெருப்புக் கதவு திறந்தபோது அவள் முகத்தில் விழுந்த செம்மஞ்சள் வெளிச்சத்தைக் கீழே நின்று பார்த்தேன். அந்தப் படியில் கால் வைக்க எங்கள் வீட்டுக்கு நான்கு தலைமுறை தாண்ட வேண்டியிருந்தது. படமெடுக்கக் கை வரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

சரி, அந்தப் பயண நாளை எப்படி அமைப்பது என்று சொல்கிறேன்.

தேதி முக்கியம். ரயில் தினமும் ஓடுவதில்லை. டிக்கெட் கிடைக்கும் நாளைப் பார்த்து அப்பா அம்மாவின் மற்றத் திட்டங்களைப் போடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். முதல் நாள் தொலைபேசியில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "நாளை இழுப்பது நீராவியா டீசலா?" ஜூலை எங்களுக்குக் குளிர்காலம், மழையில்லாத காலம், புல் காய்ந்து கிடக்கும். புகைபோக்கியிலிருந்து ஒரு பொறி விழுந்தால் மலைச்சரிவே பற்றிக்கொள்ளும் என்று பயந்து, காற்று பலமாக இருக்கிற நாளில் நீராவியை நிறுத்திவிட்டு டீசல் கோர்ப்பதுண்டு. சில வருடங்களுக்கு முன் வேறொரு மாகாணத்தில் இப்படித்தான் எங்களுக்கு ஆயிற்று. கேட்காமல் போனோம். ஐந்து வயதுப் பேரன் பிளாட்பாரத்தில் டீசலைப் பார்த்துவிட்டு அழுத அழுகையை இன்னும் மறக்கவில்லை. நிறுத்தியவர்கள் செய்தது சரி, நான் கேட்டிருக்க வேண்டும்.

போகும்போது வலப்பக்க ஜன்னல், வரும்போது இடப்பக்க ஜன்னல். பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். அம்மாவுக்கு ஸ்வெட்டரும் சால்வையும் எடுங்கள். டர்பன் கடற்கரையில் வெயில் அடித்தாலும் போத்தாஸ் ஹில்லில் பனிமூட்டமாக இருக்கலாம். அப்பா வெள்ளை வேட்டி சட்டை போடுகிறவர் என்றால் அன்று ஒருநாள் வேண்டாம். ஜன்னல் திறந்திருந்தால் கரித்தூள் வரும். மகனுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி மாட்டிவிடுங்கள், கண்ணில் தூசி விழுந்தால் அழகெல்லாம் போய்விடும். பழைய பெட்டிகளின் படி உயரமானது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறவும் இறங்கவும் கை கொடுக்க ஆள் வேண்டும்.

சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். இஞ்சங்காவில் கைவினைச் சந்தையும் தின்பண்டக் கடையும் இருக்கும், ஆனால் ரயில் பயணத்துக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம். ஆப்பிரிக்கான்ஸில் இதற்கு 'பட்கோஸ்' என்பார்கள், வழிச்சோறு. எங்கள் வீட்டுப் பட்கோஸ் என்றால் உருளைக்கிழங்கு மசாலா சுருட்டிய ரொட்டி, அவித்த முட்டை, வடை, ஃபிளாஸ்கில் டீ. உணவுப் பெட்டியில் நமக்கு இடமில்லாத காலத்தில் தொடங்கிய வழக்கம் அது, இப்போது ருசிக்காகத் தொடர்கிறது. உங்கள் அம்மா புளியோதரை கட்டினால் இன்னும் சிறப்பு. பக்கத்து இருக்கைக்காரருக்கும் கொஞ்சம் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு நாள் மிச்சம் இருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்துக்குப் போய் வாருங்கள். செங்கல் கட்டடம், பழைய காலத்து இரும்பு வேலைப்பாடு. 1893 ஜூன் 7-ஆம் தேதி இரவு காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட இடம். காத்திருப்பு அறையை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் நீட்டவில்லை. ஆனால் அந்த வழக்கறிஞர் அன்று டர்பனிலிருந்து ஏறி வந்தது க்ளூஃப், போத்தாஸ் ஹில் பக்கமாக ஏறுகிற மலைப் பாதையில்தான், புது லைன் வர அப்போது இன்னும் 28 வருடம் இருந்தது. கேங்கில் இருந்த எங்கள் ஆட்கள் இறுக்கி வைத்த போல்ட்டுகளின் மேல்தான் அந்த ரயிலும் போயிருக்கும். முதலில் ரயில் பயணத்தை முடித்துவிட்டு, பிறகு இந்த நிலையத்தைப் பாருங்கள். அந்த வரிசையில் பார்த்தால் மனதில் வேறு மாதிரி பதியும்.

டர்பன் நகருக்குள்ளேயே ஒரு மணி நேரம் செலவிட்டால் போதுமான இடமும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே துணி எடுக்கப் போயிருப்பீர்கள், 'தி வொர்க்ஷாப்' கடைவளாகம். பெயரே சொல்கிறது, அது ரயில்வே பணிமனை. ஒரு காலத்தில் இன்ஜின் பழுதுபார்த்த கொட்டகை, 1980-களில் கடைகளாக மாறியது. பக்கத்திலேயே பழைய டர்பன் நிலையக் கட்டடம். அதன் கூரை 5 மீட்டர் பனி விழுந்தாலும் தாங்கும் என்றும், டொரன்டோ நிலையத்துக்கு வரைந்த படம் மாறி இங்கே வந்துவிட்டது என்றும் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே கேளுங்கள். பணிமனையில் ஆயுளைக் கழித்த மனிதர் அந்தக் கொட்டகையின் இரும்புத் தூண்களை அண்ணாந்து பார்ப்பார் பாருங்கள், அப்போது பக்கத்தில் நில்லுங்கள், பேச்சு தானாக வரும்.

கேப்டவுன் போகிற எண்ணம் இருந்தால், வழியில் ஜார்ஜ் ஊரில் அவுட்டெனிக்குவா போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. டர்பனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், அதற்காகவே தனியாகப் போக வேண்டாம். போனால் அங்கே நிற்கிற ஜி.எல். காரட் இன்ஜினைத் தேடிப் பாருங்கள். ஒரே நீளக் கொதிகலன் நடுவில் தொங்க, முன்னால் ஒரு இன்ஜின் பின்னால் ஒரு இன்ஜின் என்று இரண்டு தொகுதிச் சக்கரங்கள். எடை 200 டன்னைத் தாண்டும். மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பெனி 1929 வாக்கில் இந்த வகையில் 8 மட்டுமே கட்டியது. எதற்காக என்று நினைக்கிறீர்கள்? டர்பனுக்கும் கேட்டோ ரிட்ஜுக்கும் நடுவில் உள்ள எங்கள் ஏற்றத்துக்காக. மின்சாரக் கம்பி வந்ததும் நிலக்கரிப் பாதைக்கு அனுப்பிவிட்டார்கள். ஜார்ஜில் அதன் நிழலில் நின்றபோது எனக்குச் சொந்த ஊர்க்காரரை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது. அங்கே எல்லாமே கூரைக்கடியில், துடைத்துப் பளபளவென்று இருக்கும். மழை நாளுக்கு நல்லது. ஆனால் நெருப்பு இல்லாத இன்ஜின் பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும், இதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

'பழைய இரும்பு' என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். அப்பா ஓய்வு பெற்ற பிறகு பணிமனையைப் பற்றி வீட்டில் அதிகம் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேசுவதற்கு ஏற்ற ஆள் கிடைக்காமல் இருக்கலாம். எங்கள் ஆயாவும் அப்படித்தான். தன் மாமனாரைப் பற்றி அவராக ஒருநாளும் சொன்னதில்லை. ஒருநாள் தண்டவாளம் ஓரமாக நடந்து போகும்போதுதான் அந்தச் சுத்தியல் கதை வெளியே வந்தது. இடம் இழுத்துக்கொண்டு வரும். க்ளூஃப் நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் குடித்துக்கொண்டு, சேஃப்டி வால்வு லேசாகச் சீறிக்கொண்டு நிற்கிறபோது அவரை இன்ஜினின் பக்கவாட்டில் கொண்டுபோய் விடுங்கள். முன்பக்கம் கூட்டம் படமெடுத்துக்கொண்டிருக்கும், அங்கே வேண்டாம். சூடான எண்ணெயும் ஈர ஆவியும் கரிப்புகையும் கலந்த அந்த வாசனை திருச்சியிலும் நேட்டாலிலும் ஒன்றுதான்.

தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில், உருட்டிச் செய்யும்போதே பதிந்த எழுத்துகளில், செய்த கம்பெனியின் பெயரும் வருடமும் இருக்கும். பிளாட்பார ஓரத்தில் நின்று மகனோடு சேர்ந்து தேடச் சொல்லுங்கள். பழைய வருடம் கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு வடை கூடுதல் என்று வைத்தால் தாத்தாவும் பேரனும் ஒரு கட்சியாகிவிடுவார்கள். தண்டவாளத்தில் மட்டும் இறங்க விடாதீர்கள்.

தேதி முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் இருக்கிற டர்பன் புறநகர் சாட்ஸ்வர்த்திலிருந்து க்ளூஃப் தூரமில்லை, நானும் வருகிறேன். கொள்ளுத்தாத்தாவின் பதிவு எண்ணும் அந்த மூன்று எழுத்தும் உள்ள தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்து வருகிறேன். ரயில்வேக்காரர் ஒருவர் கையில் அதை இதுவரை நான் கொடுத்துப் பார்த்ததில்லை.